சறுக்கல் வீழ்ச்சியன்று: தேர்தல் களத்தில் ஆபிரகாம் லிங்கன்

முன்னுரை

தன்னம்பிக்கை பற்றிப் பேசும் மேடைகளில் தவறாது எடுத்தாளப்பெறும் பெயர்களுள் ஆபிரகாம் லிங்கன் என்பதும் ஒன்று. இன்ன ஆண்டில் வணிகத்தில் தோற்றார், இன்ன ஆண்டில் தேர்தலில் தோற்றார் என அவருடைய தோல்விகளை வரிசையாக அடுக்கி, முடிவில் 1860ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார் என்று பேச்சாளர் நிறுத்தும்போது அவையில் கையொலி எழுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தம் மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாகக் கூறப்பெறும் மடல், கல்லூரி மலர்கள் பலவற்றை அணி செய்திருக்கிறது.

அம்மடல் லிங்கன் எழுதியதே என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. தோல்விப் பட்டியலோ பாதி உண்மையே. தம் மாநிலச் சட்டமன்றத்திற்கு அவர் தொடர்ந்து 4 முறை தேர்ந்தெடுக்கப்பட்டதை அப்பட்டியல் பெரும்பாலும் கூறுவதில்லை. பலமுறை தோற்றுப் பின் வென்றோர் உலகில் எண்ணற்றோர் உளர். லிங்கனின் தனிச்சிறப்பு அவர் எத்தனை முறை தோற்றார் என்பதில் இல்லை. தோற்றபோது எவ்வாறு நடந்துகொண்டார், வென்றபோது தோற்றவரை எவ்வாறு நடத்தினார், மக்களின் தீர்ப்பு தமக்கு எதிராக அமையும் என்று அஞ்சிய வேளையில் என்ன செய்தார் என்பனவற்றிலேயே அது அடங்கியுள்ளது. அவர் சந்தித்த தேர்தல்களின் வழியே அவருடைய வாழ்வை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் முதல் தேர்தலும்

லிங்கன் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்தில் மரக்கட்டைகளால் கட்டப்பட்ட ஒரு குடிலில் பிறந்தார். தந்தை தாமஸ் ஓர் உழவர். தச்சுத் தொழிலும் அறிந்தவர். 1816ஆம் ஆண்டில் குடும்பம் இண்டியானாவிற்குக் குடிபெயர்ந்தது. ஈராண்டில் தாய் நான்சி மறைந்தார். பின்னர் வந்த சிற்றன்னை சாரா, தாயில்லாப் பிள்ளையைத் தம் பிள்ளையாகவே வளர்த்து, அவருடைய படிப்பார்வத்திற்கும் துணை நின்றார். லிங்கன் பள்ளியில் பயின்ற காலம் முழுவதையும் கூட்டினாலும் ஓராண்டு நிரம்பாது. எஞ்சிய கல்வியெல்லாம் இரவல் வாங்கிய நூல்களால் அமைந்தது. கோடரி பிடித்து மரம் பிளந்த கையே நூலையும் பிடித்தது.

1831ஆம் ஆண்டு இல்லினாய்ஸ் மாநிலத்தின் நியூ சேலம் என்னும் சிற்றூரில் வந்து தங்கிய லிங்கன், மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். அப்போது அவருக்கு வயது 23. ஆற்றைச் சீர்ப்படுத்திப் படகுப் போக்குவரத்தை வளர்த்தல், கல்வியைப் பரப்புதல் ஆகியன பற்றி அவர் வெளியிட்ட அறிக்கையின் இறுதிப் பகுதி நம் கவனத்திற்குரியது. மக்கள் தம்மைப் பின்னிருக்கையிலேயே வைத்திருக்க விரும்பினால், ஏமாற்றங்களோடு நெடுநாள் பழகிய தமக்கு அதனால் பெரிதும் மனவருத்தம் இராது என்று அவர் அதில் குறித்திருந்தார். வெற்றியை வேண்டி எழுதிய முதல் அறிக்கையிலேயே தோல்விக்கும் இடம் வைத்தவர் அவர்.

தேர்தலில் 13 பேர் நின்றனர். 4 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லிங்கன் எட்டாமிடம் பெற்றார். ஆயினும் அவரை நேரில் அறிந்த நியூ சேலம் பகுதியில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கே கிடைத்தன. பழகியவர் நம்பினர், பழகாதவர் அறியவில்லை. ஈராண்டு கழித்து 1834இல் அவர் வென்றார். அடுத்த 3 தேர்தல்களிலும் அவ்வெற்றி தொடர்ந்தது. இதனிடையே கூட்டாளியுடன் நடத்திய கடை நொடித்தது, கூட்டாளியும் இறந்தார். இருவர் கடனையும் தாமே ஏற்றுப் பல ஆண்டுகள் உழைத்து அடைத்தார். தாமே சட்டம் பயின்று 1836இல் வழக்கறிஞராகி, மறு ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் குடியேறினார்.

சமயத்தைக் காட்டி எழுந்த பழி

1846ஆம் ஆண்டு நாட்டின் பிரதிநிதிகள் சபைக்கு லிங்கன் போட்டியிட்டபோது அவரை எதிர்த்து நின்றவர் பீட்டர் கார்ட்ரைட் என்னும் புகழ்பெற்ற மதபோதகர். லிங்கன் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினராக இல்லாததைக் காட்டி, அவர் சமயத்தை இகழ்பவர் என்ற பழி ஊரெங்கும் பரப்பப்பட்டது. வேட்பாளரின் கொள்கையை விட்டு அவருடைய நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கும் இவ்வுத்தி, எந்நாட்டிலும் எக்காலத்திலும் தேர்தல் களத்தில் காணக்கூடியதே.

லிங்கன் இதற்கு எவ்வாறு விடையளித்தார்? எதிராளியின் சமயப் பணியைப் பழித்தாரல்லர். வாக்கிற்காகப் பொய்யான பக்திக் கோலமும் பூண்டாரல்லர். ஒரு சிறிய துண்டறிக்கை வெளியிட்டார். தாம் எத்திருச்சபையிலும் உறுப்பினரல்லர் என்பது உண்மையே என முதலில் ஒப்புக்கொண்டார். வேதத்தின் உண்மையைத் தாம் மறுத்ததில்லை என்றும், சமயத்தையோ சமயப் பிரிவினரையோ வேண்டுமென்றே அவமதித்துப் பேசியதில்லை என்றும் விளக்கினார். தாம் வாழும் சமுதாயத்தின் உணர்வைப் புண்படுத்த எவருக்கும் உரிமை இல்லை என்பதே அவர் கொண்ட நிலை. 1,500க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் அவர் வென்றார். சபையில் அவர் பணியாற்றியது ஒரு தவணையே. மெக்சிகோவின் மீது நடத்தப்பட்ட போரின் தொடக்கம் நேர்மையானதா என்று வினவியதால் தம் தொகுதியிலேயே பலருடைய மனக்கசப்பிற்கு ஆளாகி, 1849இல் வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பினார்.

விட்டுக்கொடுத்த பதவி

அவரை மீண்டும் அரசியலுக்கு இழுத்து வந்தது அடிமை முறை பற்றிய போராட்டம். 1854ஆம் ஆண்டு ஸ்டீபன் டக்ளஸ் என்னும் செனட் உறுப்பினரின் முயற்சியால் கான்சாஸ், நெப்ராஸ்கா பற்றிய சட்டம் நிறைவேறியது. புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா, வேண்டாவா என்பதை அங்குக் குடியேறுவோரே முடிவு செய்யலாம் என்றது அச்சட்டம். ஒரு மனிதன் மற்றொரு மனிதனை உடைமையாகக் கொள்வதை வாக்கெடுப்பிற்கு விடும் இந்நிலை, லிங்கனின் உள்ளத்தைக் கொதிக்கச் செய்தது.

அக்காலத்தில் செனட் சபை உறுப்பினரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும். 1855ஆம் ஆண்டு பிப்ரவரியில் இல்லினாய்ஸ் சட்டமன்றம் வாக்களித்தபோது, முதற் சுற்றில் லிங்கனுக்கு 44 வாக்குகள் கிடைத்தன. ஷீல்ட்ஸ் என்பார் 41 பெற்றார். அடிமை முறை பரவுவதை எதிர்த்த மற்றொருவரான லைமன் டிரம்புல் பெற்றவை 5 மட்டுமே. அந்த ஐவரோ கட்சி வேறுபாட்டால் லிங்கன் பக்கம் அசையவில்லை. சுற்றுகள் தொடர்ந்தன. இடையில் எதிரணியினர் வேறொருவரை முன்னிறுத்த, அவர் வெற்றியை நெருங்கினார். நிலைமையை உணர்ந்த லிங்கன், தம் ஆதரவாளர் அனைவரையும் டிரம்புலுக்கு வாக்களிக்குமாறு கேட்டுக்கொண்டார். 44 வாக்கு பெற்றவர் 5 வாக்கு பெற்றவருக்கு வழிவிட்டார். டிரம்புல் செனட் உறுப்பினரானார். தாம் பெறும் பதவியினும் தாம் பேசும் கொள்கையே பெரிது என்பதை லிங்கன் செயலால் காட்டிய நாள் அது.

ஏழு ஊர்களில் நிகழ்ந்த சொற்போர்

1858ஆம் ஆண்டில் லிங்கன் மீண்டும் செனட் பதவியை நாடினார். எதிரே நின்றவர் டக்ளஸ். ஒருவர் 6 அடி 4 அங்குல உயரம். மற்றவர் 5 அடி 4 அங்குலம். குள்ளமான உருவத்தையும் பெருத்த ஆற்றலையும் கருதி டக்ளஸை மக்கள் சிறிய பூதம் என்னும் பொருள்பட அழைத்தனர். ஆகஸ்ட் 21ஆம் நாள் ஒட்டாவாவில் தொடங்கி அக்டோபர் 15ஆம் நாள் ஆல்ட்டனில் முடிய, 7 ஊர்களில் இருவரும் ஒரே மேடையில் வாதிட்டனர். முதலில் பேசுபவர்க்கு 1 மணி நேரம். மறுப்பவர்க்கு ஒன்றரை மணி நேரம். முதலாமவர் முடித்து வைக்க அரை மணி நேரம். வெயிலிலும் குளிரிலும் உழவர்களும் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் நின்று 3 மணி நேரம் கேட்டனர். சுருக்கெழுத்தாளர் எழுதிய பேச்சுகள் நாடெங்கும் நாளிதழ்களில் வெளிவந்தன.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அடிமை முறை அறத்திற்கு மாறானது என்று முழங்கிய லிங்கன், சார்ல்ஸ்டன் என்னும் ஊரில் பேசியபோது, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் ஏற்படுத்துவது தம் நோக்கமன்று என்றும் கூறினார். கேட்போரின் மனப்போக்கிற்கு அஞ்சிக் கூறினாரோ, தாமே அவ்வாறு எண்ணினாரோ, அச்சொல் அவர் வரலாற்றில் ஒரு கறையே. பெரியோரின் வரலாற்றைக் கறை நீக்கி எழுதினால், அவர் பின்னாளில் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பதை அளக்க இயலாமற் போய்விடும்.

தேர்தலில் லிங்கனின் கட்சியினர் மாநிலம் முழுவதும் சற்று மிகுதியான வாக்குகளைப் பெற்றனர். எனினும் தொகுதிகள் அமைந்த முறையால் சட்டமன்றத்தில் டக்ளஸின் கட்சிக்கே பெரும்பான்மை கிடைத்தது. 54 வாக்குகளுக்கு 46 என்ற கணக்கில் லிங்கன் தோற்றார். வாக்கு நிலவரம் தெரிந்த அன்றிரவு மழை தூறி இருண்டிருந்தது. வீடு திரும்பும் வழியில் தேய்ந்து வழுக்கிய ஒற்றையடிப் பாதையில் அவருடைய கால் இடறியது. ஒரு கால் மற்றொன்றைத் தட்டிவிட, விழப்போனவர் சமாளித்து நிமிர்ந்தார். இது சறுக்கல்தான், வீழ்ச்சியன்று எனத் தமக்குள் கூறிக்கொண்டதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். எப்போது, எங்கே நினைவுகூர்ந்தார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

சிகாகோ மாநாடு

தோல்விக்குப் பின் லிங்கன் சோர்ந்திருக்கவில்லை. இருவர் பேச்சுகளும் வெளியான நாளிதழ்ப் பகுதிகளை வெட்டி ஒட்டித் தொகுத்தார். அத்தொகுப்பு 1860இல் நூலாகி நன்கு விற்பனையாயிற்று. அதே ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் நியூயார்க் நகரின் கூப்பர் யூனியன் அரங்கில் அவர் ஆற்றிய உரை, கிழக்குப் பகுதியினரின் மதிப்பையும் பெற்றுத் தந்தது. மே மாதத்தில் மாநிலக் கட்சி மாநாட்டிற்கு அவருடைய தாய்வழி உறவினர் ஒருவர் வேலிக் கட்டைகள் இரண்டைச் சுமந்து வந்தார். இளமையில் லிங்கன் பிளந்தவை அவை என்ற செய்தி கூட்டத்தை ஆர்ப்பரிக்கச் செய்தது. இவையே தாம் பிளந்தவை என உறுதி கூற இயலாதெனினும், இவற்றினும் நல்ல கட்டைகளைப் பிளந்ததுண்டு என்று லிங்கன் நகைச்சுவையுடன் விடையளித்தார். வேலிக் கட்டை பிளந்தவர் என்னும் பெயர் அன்று முதல் அவருக்கு நிலைத்தது.

குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு மே 16 முதல் 18 வரை சிகாகோவில் விக்வாம் என்னும் பெயரில் எழுப்பப்பட்ட மரக்கட்டடத்தில் நடைபெற்றது. நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் சீவர்டே வேட்பாளராவார் என்று அனைவரும் எண்ணினர். லிங்கனின் ஆதரவாளர்கள் கூடுதல் நுழைவுச் சீட்டுகளை அச்சிட்டுத் தம் ஆள்களை முன்னதாகவே அரங்கில் நிரப்பிவிட்டனர் என்பதும் வரலாற்றில் உள்ளது. அரசியல் அன்றும் அரசியலாகவே இருந்தது. முதற்சுற்றில் சீவர்டு நூற்றெழுபத்து மூன்றரை வாக்குகளும் லிங்கன் 102 வாக்குகளும் பெற்றனர். இரண்டாம் சுற்றில் இடைவெளி மூன்றரையாகக் குறைந்தது. மூன்றாம் சுற்றின் முடிவில் ஒகையோ மாநிலத்தார் நால்வர் தம் வாக்குகளை மாற்ற, லிங்கன் தேவையான எண்ணைத் தாண்டினார்.

இதன்பின் லிங்கன் செய்ததே நம் சிந்தனைக்கு உரியது. தம்மை எதிர்த்து நின்ற சீவர்டை வெளியுறவு அமைச்சராக்கினார். சேஸ் என்பாரை நிதி அமைச்சராக்கினார். பேட்ஸ், கேமரன் ஆகிய போட்டியாளர்க்கும் அமைச்சரவையில் இடம் தந்தார். தம்மைவிடப் புகழ் வாய்ந்தோரை அருகில் அமர்த்திக்கொள்ள அவர் அஞ்சவில்லை. அவருள் சேஸ், 1864இல் லிங்கனின் இடத்திற்கே ஆசைப்பட்டு ஆதரவு திரட்ட முயன்றார். அவ்வாண்டு கோடையில் அவருடைய பதவி விலகலை ஏற்ற லிங்கன், டிசம்பரில் அவரையே நாட்டின் தலைமை நீதிபதி பதவிக்கு முன்மொழிந்தார். தமக்கு இழைத்ததை எண்ணாமல் நாட்டிற்கு ஆவதை எண்ணியதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சிறுமியின் மடல்

வேட்பாளர் தாமே ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்பது அந்நாளில் தகுதிக்குறைவாகக் கருதப்பட்டது. எனவே லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டிலேயே இருந்து பார்வையாளரைச் சந்தித்தும் மடல்களுக்கு விடையெழுதியும் வந்தார். அக்டோபரில் ஒரு மடல் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்ட் ஊரிலிருந்து 11 வயதுச் சிறுமி கிரேஸ் பெடல் எழுதியது அது. லிங்கனின் முகம் மிகவும் ஒட்டியிருப்பதால் அவர் தாடி வளர்த்தால் அழகாயிருக்கும் என்றும், தாடியை விரும்பும் பெண்கள் தம் கணவன்மாரை அவருக்கு வாக்களிக்குமாறு நச்சரிப்பர் என்றும் அச்சிறுமி அறிவுரை கூறியிருந்தாள். பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலத்தில் ஒரு சிறுமி கண்டறிந்த தேர்தல் உத்தி அது!

நாட்டின் உயர்பதவிக்குப் போட்டியிடும் ஒருவர் அம்மடலை ஒதுக்கியிருக்கலாம். லிங்கன் 4 நாள்களில் விடையெழுதினார். இதுவரை தாடி வைக்காத தாம் இப்போது தொடங்கினால் மக்கள் அதைச் சிறுபிள்ளைத்தனம் எனக் கருதமாட்டார்களா என்று அச்சிறுமியிடமே வினவினார். ஆயினும் சில வாரங்களில் தாடி வளரத் தொடங்கிற்று. 1861ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் பதவியேற்கத் தலைநகர் செல்லும் வழியில் தொடர்வண்டி வெஸ்ட்ஃபீல்டில் நின்றபோது, கூட்டத்தில் அச்சிறுமியை அழைத்துத் தாடியைக் காட்டி மகிழ்ந்தார். இன்று நாம் படங்களில் காணும் லிங்கனின் முகம், வாக்கில்லாத ஒரு சிறுமிக்குச் செவி சாய்த்ததால் அமைந்ததாகும்.

தோற்றவரின் பெருந்தன்மை

1860ஆம் ஆண்டுத் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். சனநாயகக் கட்சி வடக்கு, தெற்கு எனப் பிளவுபட்டதால் வடக்கில் டக்ளஸும் தெற்கில் பிரெக்கின்ரிட்ஜும் நின்றனர். நான்காமவர் ஜான் பெல். தெற்கு மாநிலங்கள் பத்தில் லிங்கனுக்கு வாக்குச்சீட்டே வழங்கப்படவில்லை. அக்டோபரில் நடந்த மாநிலத் தேர்தல்களின் முடிவைக் கண்டதும் லிங்கன் வெல்வார் என்பதை டக்ளஸ் உணர்ந்தார். அந்நிலையில் மற்றொருவராயின் தம் வாக்கு மிகும் இடங்களுக்குச் சென்றிருப்பார். டக்ளஸோ மரபை மீறித் தெற்கு மாநிலங்களுக்குப் பயணமானார். தமக்கு வாக்குக் கிடைக்காத ஊர்களில் நின்று, யார் வென்றாலும் நாட்டைப் பிரிக்க எவர்க்கும் உரிமை இல்லை என்று எடுத்துரைத்தார்.

நவம்பர் 6ஆம் நாள் நடந்த தேர்தலில் லிங்கன் நூற்றுக்கு 40க்கும் சற்றுக் குறைவான மக்கள் வாக்குகளைப் பெற்றார். ஆயினும் மாநிலவாரியாகக் கணக்கிடப்படும் தேர்வாளர் வாக்குகள் 303இல் 180ஐப் பெற்று வென்றார். மக்கள் வாக்கில் இரண்டாமிடம் பெற்ற டக்ளஸுக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்குகள் 12 மட்டுமே. தேர்தல் முடிவை ஏற்க மறுத்துத் தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. 1861 மார்ச் 4ஆம் நாள் லிங்கன் பதவியேற்றபோது அவருடைய தொப்பியை டக்ளஸ் கையில் வாங்கி வைத்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. ஏப்ரலில் போர் மூண்டதும் லிங்கனை நேரில் கண்டு ஆதரவு தந்தார். இல்லினாய்ஸ் திரும்பி, கட்சி வேறுபாட்டை மறந்து நாட்டைக் காக்குமாறு மக்களை வேண்டினார். உடல்நலம் குன்றி ஜூன் 3ஆம் நாள் தம் 48ஆம் வயதில் மறைந்தார். ஒரே தேர்தலில் தோற்றவருள் ஒரு சாரார் நாட்டையே உடைக்க முற்பட்டனர். டக்ளஸ் தம் எஞ்சிய உயிரையெல்லாம் அதைக் காப்பதில் செலவிட்டார்.

மடித்து வைத்த தாள்

லிங்கனின் வாழ்வில் மிகக் கடுமையான தேர்தல் 1864ஆம் ஆண்டில் வந்தது. உள்நாட்டுப் போர் நான்காம் ஆண்டை எட்டியிருந்தது. அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் மட்டும் கிராண்ட் தளபதியின் படையில் 50,000க்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். ஜூலையில் மேலும் 5 லட்சம் வீரர்களுக்கு லிங்கன் அழைப்பு விடுத்தார். வீடுதோறும் அழுகுரல், ஊர்தோறும் சலிப்பு. 1832க்குப் பிறகு எந்தக் குடியரசுத் தலைவரும் இரண்டாம் முறை வென்றதில்லை. அவர் தோற்பது உறுதி என்று அவருடைய கட்சித் தலைவர்களே கூறினர்.

இரண்டு எளிய வழிகள் அவர்முன் இருந்தன. போரைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளி வைப்பது ஒன்று. 1863 சனவரி முதல் நாள் வெளியிட்ட அடிமைகள் விடுதலைப் பிரகடனத்தைக் கைவிட்டுச் சமரசம் பேசுவது மற்றொன்று. கட்சியின் தேசியக் குழுத் தலைவரே இரண்டாம் வழியை வற்புறுத்தினார். லிங்கன் இரண்டையும் ஏற்கவில்லை. விடுதலை வாக்குறுதியை நம்பிப் படையில் சேர்ந்து போரிடும் கறுப்பின வீரர்களை மீண்டும் அடிமைகளாக்குவது துரோகம் என்று கருதினார். தேர்தல் இன்றி மக்களாட்சி இல்லை. கலகத்திற்கு அஞ்சித் தேர்தலை நிறுத்தினால் கலகம் வென்றதாகவே பொருள் என்பது அவர் கொள்கை.

ஆகஸ்ட் 23ஆம் நாள் ஒரு தாளில் சில வரிகள் எழுதினார். தாம் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படமாட்டார் என்றே தோன்றுகிறது. அவ்வாறாயின் தேர்தலுக்கும் புதியவர் பதவியேற்பிற்கும் இடைப்பட்ட காலத்தில், வென்றவரோடு ஒத்துழைத்து நாட்டின் ஒருமையைக் காப்பது தம் கடமை என்பது அதன் சாரம். அத்தாளை மடித்து ஒட்டி அமைச்சரவைக்குக் கொண்டு சென்றார். உள்ளே இருப்பது இன்னதென்று கூறாமலேயே அமைச்சர் ஒவ்வொருவரிடமும் வெளிப்புறத்தில் கையொப்பம் பெற்றார். தோல்வி வரும் முன்னரே, தோற்றபின் ஆற்ற வேண்டிய கடமைக்குத் தம்மையும் தம் அமைச்சரையும் அவர் கட்டுப்படுத்திக்கொண்டார்.

எதிரணியின் வேட்பாளர் மெக்கிளெல்லன், லிங்கனால் பதவி நீக்கப்பட்ட முன்னாள் தளபதி. வீரர்களின் அன்பைப் பெற்றவர். காலம் திரும்பியது. செப்டம்பர் 2ஆம் நாள் ஷெர்மன் தளபதியின் படைகளிடம் அட்லாண்டா நகர் வீழ்ந்தது. நவம்பர் 8ஆம் நாள் நடந்த தேர்தலில் லிங்கன் 212 தேர்வாளர் வாக்குகள் பெற, மெக்கிளெல்லன் 21 பெற்றார். போர்முனையிலிருந்து வாக்களித்த வீரர்களுள் பெரும்பான்மையோர் தம் பழைய தளபதியை விட்டு, போரைத் தொடரும் லிங்கனையே தேர்ந்தனர் என்பது வியப்பிற்குரியது.

அன்றிரவு போர்த்துறை அலுவலகத்தில் தந்திச் செய்திகளுக்காகக் காத்திருந்த வேளையில்தான், 6 ஆண்டுகளுக்கு முந்திய அந்த மழையிரவையும் வழுக்குப் பாதையையும் லிங்கன் நண்பர்களுக்கு நினைவுகூர்ந்தார். வெற்றி வாயிலில் நிற்கும்போது அவர் உள்ளம் தோல்வியை எண்ணியது. 3 நாள் கழித்து அமைச்சரவையில் அத்தாள் பிரிக்கப்பட்டது. மெக்கிளெல்லன் வென்றிருந்தால் அவரை நேரில் கண்டு, இருவரும் சேர்ந்து போரை முடிப்போம் என்று கேட்டிருப்பேன் என்றார் லிங்கன். அவர் ஆம் ஆம் என்று கூறியிருப்பாரேயன்றி ஒன்றும் செய்திருக்கமாட்டார் என்றார் சீவர்டு. அவ்வாறாயினும் தம் கடமையைச் செய்து மனச்சான்றின் முன் தூயவராய் நின்றிருக்கலாமே என்பது லிங்கன் தந்த விடை.

இறுதிப் பேச்சு

1865ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஏப்ரல் 9ஆம் நாள் தெற்கின் தளபதி லீ சரணடைந்தார். ஏப்ரல் 11ஆம் நாள் இரவு, வெள்ளை மாளிகையின் முன் திரண்ட மக்களிடம் லிங்கன் பேசினார். கறுப்பினத்தவருள் கல்வியறிவு மிக்கோருக்கும் படையில் பணியாற்றியோருக்கும் வாக்குரிமை தருவதைத் தாம் விரும்புவதாக வெளிப்படையாகக் கூறினார். சார்ல்ஸ்டனில் சமத்துவத்தை மறுத்த அதே மனிதர், 7 ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் அது. கூட்டத்தில் நின்று அதைக் கேட்டுக் கொதித்தவருள் ஒருவன் ஜான் வில்க்ஸ் பூத் என்னும் நடிகன். 3 நாள் கழித்து ஃபோர்டு நாடக அரங்கில் அவன் லிங்கனைச் சுட்டான். மறுநாள் காலை, ஏப்ரல் 15இல், 56ஆம் வயதில் லிங்கன் உயிர் நீத்தார். வாக்குக் கேட்டுத் தொடங்கிய பொதுவாழ்வு, வாக்கில்லாதவர்க்கு வாக்குக் கேட்டதோடு முடிந்தது.

அவர் கேட்ட உரிமை 1870ஆம் ஆண்டில் சட்டத்திருத்தமாயிற்று. எனினும் தெற்கு மாநிலங்களில் அது மெய்யாகவே செயற்பட 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. விதைத்தவர் மறைந்து ஒரு நூற்றாண்டிற்குப் பின்னரே பயிர் கதிர் கண்டது.

முடிவுரை

தேர்தல் என்பது வெல்வோரைத் தேர்ந்தெடுக்கும் முறை மட்டுமன்று. தோற்போரைச் சோதிக்கும் களமும் ஆகும். வென்றவர் ஆள்வதற்கு ஆற்றல் போதும். தோற்றவர் ஏற்பதற்குப் பண்பு வேண்டும். அப்பண்பு ஒரு நாட்டில் அற்றுப்போனால் வாக்குப் பெட்டிக்குப் பின்னே துப்பாக்கி வரும் என்பதற்கு 1861ஆம் ஆண்டே சான்று. 6 லட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்கள் அதற்கு விலையாயின. அப்பண்பு நின்றால் நாடு நிற்கும் என்பதற்கு டக்ளஸின் தெற்குப் பயணமும், லிங்கன் மடித்து வைத்த தாளும் சான்றுகள்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் கல்லூரி மன்றத்திலோ, ஊர்ச் சபையிலோ, அதனினும் பெரிய அவைகளிலோ போட்டியிடக்கூடும். சிலர் வெல்வீர்கள், பலர் தோற்பீர்கள். தோற்ற இரவில் கால் இடறலாம்; இடறியவர் நிமிர்ந்து வீடு சேர்ந்தால் அது சறுக்கலே. வென்றவரை வாழ்த்த மனம் வராமல் நிற்பதே வீழ்ச்சி. அவ்வேறுபாட்டை வாழ்ந்து காட்டியவர் ஆபிரகாம் லிங்கன்.